இந்த ஆளு பேரு என்ன?

பெரிய புகைப்படக் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லாப் படத்தையும் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். இருபதாவது படத்தில் கண் மரத்துப்போகும். நாற்பதாவதில் கால் கெஞ்சும். அப்புறம் கண் நாற்காலியைத்தான் தேடும். சென்னை போட்டோ பியனாலேயின் இரண்டாவது பதிப்பு, 2019 பிப்ரவரி, மார்ச்சில் நடந்தது. 1879-ல் சிஷோம் கட்டி முடித்த செனட் ஹவுஸிலும் படங்கள் மாட்டியிருந்தார்கள். பாதி நேரம் வண்ணக் கண்ணாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. (கட்டடமும் ஒரு போட்டியாளர்!)

கூட வந்த நண்பர் மணப்பாட்டுக்காரர். கல்யாண ஆல்பம் தவிர வேறு போட்டோ வரிசை பார்த்தறியாதவர். நான் ஒளி, நிழல் என்று அளந்துகொண்டிருக்க, அவர் ஆட்கள் இருக்கிற படங்களுக்கு முன்னால் மட்டும் நின்று ஒரே கேள்வி கேட்டார்: ‘‘இந்த ஆளு பேரு என்ன அண்ணாச்சி?’’

விமரிசகர்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. பொதுவாகக் கண்காட்சிகளில் எடுத்தவர் பேர் தவறாமல் இருக்கும். எடுக்கப்பட்டவர் பேர் இருந்தால் அதிர்ஷ்டம். இது பழைய வியாதி. வெள்ளைக்காரர்கள் 19-ம் நூற்றாண்டில் நம் ஜனங்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி, அளந்து, ‘இன்ன ஜாதி’ என்று எழுதிப் படமெடுத்தார்கள். அந்த பியனாலேயைத் தொகுத்த புஷ்பமாலா, அதற்குப் பல வருஷம் முன்பே (2000-2004) கிளேர் ஆர்னியோடு சேர்ந்து, அப்படிப்பட்ட படங்களில் தானே வேஷம் கட்டி நின்று அந்தப் பார்வையைக் கிண்டல் செய்தவர்.

இப்போது மணப்பாட்டுக்கு வாருங்கள். மணல் குன்று, உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே வளைந்து போகும் கடல். ‘நீர்ப்பறவை’ (2012), ‘கடல்’ (2013) என்று சினிமாவும் வந்து போயிற்று. காமிராவை எங்கே வைத்தாலும் அழகாக விழுகிற ஊர். சிக்கலே அதுதான். வல்லம் ஒரு நிறத் தீற்றலாகவும், மனுஷன் கடலின் பிரம்மாண்டத்தைக் காட்டும் புள்ளியாகவும் ஆகிவிடுகிறார்கள். அந்த மாதிரிப் படம் ஒன்றை செல்போனில் காட்டியபோது நண்பர் சொன்னார்: ‘‘நல்லாத்தான் இருக்கு. வலையில என்ன கெடச்சுதுன்னு தெரியலையே.’’

அது தெரிகிற படங்களும் உண்டு. மீன் விற்ற அம்மா வளர்த்த பிள்ளையான மதுரைக்காரர் பழனிகுமார், ராமநாதபுரம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் படமெடுத்து, 2019-ல் ‘பாரி’ இணைய இதழில் வெளியிட்டார். பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, கூடவே அவர்களுடைய பேர். அதனால் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பேர் எழுதிவிட்டால் மட்டமான படம் நல்ல படமாகிவிடாது என்பது வேறு விஷயம்.

2016-ல் முதல் பியனாலே பூங்கா, ரயில் நிலையம் என்று ஜனங்கள் நடமாடும் இடத்துக்கே படங்களைக் கொண்டுபோனது. அதை மணப்பாட்டிலும் செய்யலாம். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு ஊரே கூடும். அங்கே பத்தே பத்துக் கடல் படம் மாட்டட்டும். எடுத்தவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். வல்லம் யாருடையது, அன்றைக்கு அடித்தது கொண்டலா, கச்சானா, என்ன மீன் பட்டது என்று கேட்பார்கள்.