பிடியும் பாட்டும்

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவிலும் ஒரகடத்திலும் உள்ள ஆலைகளில், தமிழகத்தின் பல மாவட்டத்தாரோடு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் ஒரே ஷிப்டில் நின்று வேலை பார்க்கிறார்கள். உணவும் மொழியும் பண்டிகையும் வேறுபட்ட இவர்கள் தத்தம் ஊரிலிருந்தே அறிந்து வந்த ஆட்டம் ஒன்று உண்டென்றால் அது கபடிதான். பல இனத்தார் சேர்ந்து வாழும் நாட்டை விளையாட்டு ஒன்றுபடுத்துமா என்ற கேள்விக்கு, அரங்கில் திரளும் கூட்டத்தையும் அசையும் கொடிகளையும் காட்டி விடை சொல்வது வழக்கம். கபடியை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கோ அந்த விடை ஆட்டத்தின் அமைப்பிலேயே, தடுப்பாளர்கள் கைகோத்து நிற்கும் நிலையிலேயே, கிடைத்துவிடுகிறது.

தமிழகத்தில் சடுகுடு என்றும் மகாராஷ்டிரத்தில் ஹுதுது என்றும் வங்கத்தில் ஹாடுடு என்றும் வழங்கிய இந்த ஆட்டத்துக்கு ஊருக்கு ஊர் விதி வேறாக இருந்தது. வெளியேறியவர் எதிரணியில் ஒருவர் விழும்போது மீண்டும் உள்ளே வருவது சஞ்சீவனி முறை. அணி முழுவதும் விழும்வரை திரும்ப முடியாதது காமினி. தொடப்பட்டாலும் களத்திலேயே நின்று ஆட, புள்ளி மட்டும் எதிரணிக்குப் போவது அமர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த உடற்பயிற்சிக் கழகம் ஒன்று இதைக் காட்சி ஆட்டமாக ஆடிக்காட்டியது; 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவாயிற்று; 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. இன்றைய பொது விதி சஞ்சீவனியைத் தழுவியது. இந்தப் பொதுமைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று: ஊர்தோறும் மூச்சடக்கிப் பாடிய சடுகுடுப் பாட்டுகள் போட்டிக் களத்திலிருந்து மறைந்து, ‘கபடி, கபடி’ என்ற ஒற்றைச் சொல்லே எஞ்சியிருக்கிறது. ஆனாலும் தஞ்சாவூர்க்காரரும் பாட்னாக்காரரும் ஒரு வார்த்தை விளக்கமும் தேவையின்றி எதிரெதிரே நிற்க முடிவது அந்தப் பொது விதியால்தான்.

ஆட்டத்தின் அழகு முழுவதும், ஒருவர் எதிரணிப் பக்கம் பாடிச் சென்று திரும்பும் முப்பது நொடிக்குள் அடங்கிவிடும். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது; நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாடி வருபவர் கட்டாயம் கடக்க வேண்டிய கோடும், அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடும் உள்ளன. தடுப்பாளர் ஆறு பேராவது களத்தில் இருக்கையில், பாடி வருபவர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறு காலை அந்தரத்தில் தூக்கிவிட்டால் ஒரு புள்ளி பெறுகிறார். அந்த ஒற்றைக் காலில் உடல் எடை முழுவதும் இறங்கும் கணத்துக்காகவே ‘கார்னர்’ எனப்படும் ஓரத்துத் தடுப்பாளர் காத்திருக்கிறார். அரை நொடி முந்தினால் வெறும் காற்றைப் பிடித்து விழுவார். அரை நொடி பிந்தினால் கால் போய்விடும். கணுக்காலை இரு கைகளாலும் வளைத்து மார்போடு இறுக்கிக்கொண்டு அவர் தரையில் கிடக்க, பக்கத்தில் நிற்பவர் இடுப்பை மறிக்க, ‘கவர்’ ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டுக்கு முன்னால் சுவராக விழ, ஒருவர் தொடங்கிய பிடியை எழுவர் முடிக்கிறார்கள். பாய்வதற்கு முன்வரை அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றியே நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னேறுவதா, பின்வாங்குவதா என்பதைப் பேசிக்கொள்ள அவகாசம் இல்லாத இடத்தில், பற்றிய கையின் இழுப்பும் தளர்வுமே பேச்சாகின்றன. கணுக்கால் பிடியில் பெயர்பெற்ற ஈரானியர் ஃபசல் அத்ராச்சாலி, இந்தியத் தொழில்முறை அணிகளில் ஆடியதோடு அவற்றுக்குத் தலைமையும் ஏற்றிருக்கிறார்.

தொடுதலையே புள்ளியாகக் கொண்ட ஆட்டம், தீண்டாமையை விடாப்பிடியாகக் காத்த சமூகத்தில் பிறந்து வளர்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆயினும் ஊர் அணிகள் சாதிவாரியாகப் பிரிந்து நின்ற இடங்களும் உண்டு. தொட்டு ஆடுவது மட்டும் போதாது, ஒரே பக்கம் நின்று ஆட வேண்டும். இலங்கை 1996இல் உலகக் கோப்பை கிரிக்கெட்டை வென்றபோது அந்த அணியில் தமிழரான முத்தையா முரளிதரனும் இருந்தார். நாடு கூடி மகிழ்ந்தது. அங்கு நடந்த இனப் போரோ 2009 வரை ஓயவில்லை. பார்வையாளரின் மகிழ்ச்சி உண்மையானதே, ஆனால் அதன் ஆயுள் குறைவு. கூடிப் பயிலும் கையின் பழக்கமே நெடுநாள் நிற்கிறது.

கபடியில் அந்தப் பழக்கம் கண்கூடு. தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைக் கடந்த பின், 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றுதந்தார். மொழி வேறான சக ஆட்டக்காரர்களுக்கும் அவர் ‘அண்ணா’. அடுத்த ஆண்டே புதிதாக வந்த தமிழ் தலைவாஸ் அணிக்கு இமாசலப் பிரதேசத்து அஜய் தாக்கூர் தலைவரானார். 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், இடைவேளையில் 13–18 எனப் பின்தங்கியிருந்த இந்திய அணி, தாக்கூர் எடுத்த 12 புள்ளிகளின் பலத்தில் ஈரானை 38–29 என வென்றது. அரியானாவின் அனூப் குமார் தலைமையேற்ற அந்த அணியில் சேரலாதனும் இடம்பெற்றிருந்தார். பீகாரின் வெற்றியைத் தமிழரும் தமிழகத்தின் பெயரை இமாசலத்தவரும் தோளில் சுமந்தது எந்த மேடைப் பேச்சாலும் நிகழ்ந்ததன்று.

ஆகவே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் ஆலைகளுக்கும் சிப்காட் நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள் பொருந்தும். 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க விடுதி வளாகம் திறக்கப்பட்டது. பெண்களுக்கான கபடிக் களத்துக்கு வேண்டியதோ 12 மீட்டருக்கு 8 மீட்டர் இடம் மட்டுமே. விடுதிதோறும் அப்படியொரு களமும், பொங்கலையொட்டி ஊர்களில் நடப்பது போன்ற மின்னொளிக் கபடிப் போட்டி ஒன்றும் அமையட்டும்; அணிகளை மட்டும் மாநிலவாரியாகப் பிரிக்காமல், ஒரே ஷிப்டில் வேலை செய்வோரைக் கலந்து அமைக்க வேண்டும்.