சிஸ்டத்துல இருக்கு, ரேக்ல இல்ல

பல்கலைக்கழக நூலகங்கள் வெளியிடும் செய்திகளைத் தேடிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். புதுக் கண்காட்சி, சொற்பொழிவு, நன்கொடையாக வந்த கையெழுத்துப் பிரதிகள், துணைவேந்தர் ரிப்பன் வெட்டும் படம். எந்த ஊர் நூலகமாக இருந்தாலும் தொனி ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாமே மங்களகரமாக இருக்கும். "எங்களிடம் இருந்த ஒரு பொருள் இப்போது இல்லை" என்று ஒரு நூலகம் தானாக முன்வந்து சொல்வது அபூர்வம்.

அப்படிச் சொன்ன ஒரு நூலகத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பாராட்டும் உண்டு, குறையும் உண்டு.

2020 நவம்பர் 24 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் ஒரு செய்தி வெளியிட்டது. சார்ல்ஸ் டார்வினின் இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் காணவில்லை, அவை திருடுபோயிருக்கலாம், யாருக்காவது தகவல் தெரிந்தால் சொல்லுங்கள் என்பது சாரம். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளியானது 1859-இல் இதே நவம்பர் 24. அந்த நாளில் உலகம் முழுக்க டார்வின் பற்றிய பேச்சு இருக்கும் என்பதால் செய்தி நாலு இடத்துக்குப் போய்ச் சேரும்.

காணாமல் போனவை சாதாரண நோட்டுகள் இல்லை. 1837-இல், பீகிள் பயணத்திலிருந்து திரும்பிய மறு வருஷம், 28 வயது டார்வின் அதில் ஒரு கிளைபிரியும் மரத்தைக் கிறுக்கி வைத்தார். தான் நினைப்பது இது என்கிற மாதிரி மேலே ஓரிரு சொல் போட்டுவிட்டு, மிச்சத்தைப் படமாகவே வரைந்துவிட்டார். எல்லா உயிரும் ஒரே அடிமரத்திலிருந்து பிரிந்து வந்திருக்கலாம் என்ற எண்ணத்தின் ஆரம்பகாலப் படம் அது. புத்தகமாக வெளிவர இன்னும் 22 வருஷம் இருந்தது. நோட்டின் அளவு ஒரு போஸ்ட்கார்டு அளவுதான்.

இனி காலவரிசை. நான் குறை சொல்வது இங்கேதான்.

2000 செப்டம்பரில் படம் பிடிப்பதற்காக அந்த நோட்டுகள் பாதுகாப்பு அறையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டன. 2001 ஜனவரியில் வழக்கமான ஒரு சரிபார்ப்பு நடந்தபோது, அவை இருந்த சின்னப் பெட்டி தன் இடத்தில் இல்லை. வேறு எங்காவது மாற்றி வைத்திருப்பார்கள் என்று அப்போதைய நூலகர்கள் நம்பினார்கள். வருஷக்கணக்கில் தேடலும் நடந்தது. 2017-இல் பொறுப்புக்கு வந்த நூலகர் ஜெசிகா கார்ட்னர் காலத்தில், 2020 தொடக்கத்தில் பெரிய அளவில் மறுபடி தேடினார்கள். டார்வின் ஆவணங்கள் உள்ள 189 பெட்டிகளையும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அதற்கப்புறம்தான் போலீஸில் புகார், இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் பட்டியலில் பதிவு, பொதுமக்களுக்கு வேண்டுகோள் எல்லாம்.

ஆக, 'காணோம்' என்று தெரிந்ததற்கும் 'திருடுபோயிருக்கலாம்' என்று சொன்னதற்கும் நடுவில் ஏறக்குறைய 20 வருஷம்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும். டேபிளில் பதிவு இருக்கும், டிஸ்கில் ஃபைல் இருக்காது. உடனே யாராவது ஒருத்தர் "வேற ஃபோல்டர்ல இருக்கும் பாஸ்" என்பார். ஆபத்தான பதில் அது. ஏனென்றால் அதைத் தப்பு என்று நிரூபிக்கவே முடியாது. கேம்பிரிட்ஜ் நூலகத்தில் ஒரு கோடிக்கு மேல் நூல்களும் ஆவணங்களும் இருக்கின்றன. அலமாரிகளை வரிசையாக நீட்டி வைத்தால் 200 கிலோமீட்டரைத் தாண்டும். இவ்வளவு பெரிய இடத்தில் எங்கேயோ இருக்கும் என்று எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். யார் பெயரிலும் ஒப்படைக்காமல் 'ஓப்பன்' நிலையிலேயே கிடக்கும் டிக்கெட் மாதிரி.

இதில் இழப்பு என்னவென்றால், அந்த 20 வருஷமும் வெளியுலகத்துக்கு விஷயம் தெரியாது. பழைய புத்தக வியாபாரிகள், ஏல நிறுவனங்கள், சேகரிப்பாளர்கள் யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. திருடுபோன பொருட்களின் பட்டியல் வேலை செய்ய வேண்டுமானால் சீக்கிரம் அதில் ஏற்ற வேண்டும். இன்று இப்படி ஒன்று நடந்தால் உடனடியாகத் திருட்டுச் சந்தேகமாகவே எடுத்துக்கொள்வோம், காத்திருக்க மாட்டோம் என்று கார்ட்னரே சொன்னார். முன்னவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அதே சமயம் நடந்ததை மழுப்பாமல் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. பாராட்ட வேண்டியது இதைத்தான்.

பலன் கிடைத்தது. 2022 மார்ச் 9 அன்று, நூலகத்தின் நான்காவது மாடியில், நூலகரின் அறைக்கு வெளியே, கண்காணிப்புக் கேமரா இல்லாத பொது இடத்தில், தரையில் ஒரு பிங்க் கலர் பரிசுப் பை இருந்தது. உள்ளே பழைய ஆவணப் பெட்டி, ஒரு பழுப்பு உறை. உறையின் மேல் நூலகருக்கு ஈஸ்டர் வாழ்த்து. அதற்குள் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய இரண்டு நோட்டுகள். வேண்டுகோள் வெளியாகி 15 மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வைத்தது யார், இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்பதற்கு அந்தப் பையில் விடை இல்லை.

அந்த வேண்டுகோளால்தான் நோட்டுகள் வந்தன என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 19 வருஷ மௌனத்தில் வராதது, வாயைத் திறந்து சொன்ன பிறகு வந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நோட்டுகளின் பக்கங்கள் முன்பே படமெடுக்கப்பட்டிருந்ததால் ஆய்வாளர்களுக்கு உள்ளடக்கம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் எதுக்கு இவ்வளவு பதற்றம் என்று சிலர் கேட்கலாம். பேக்கப் இருக்கிறது என்பதற்காக ஒரிஜினலைத் தூக்கிப் போட மாட்டோம் அல்லவா? தாள், மை, கிழித்த பக்கங்களின் ஓரம் இவையெல்லாம் சான்றுகள். நாளைக்கு ஒருவர் கேட்கப்போகும் கேள்விக்கு இன்றைய படத்தில் விடை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இரண்டாவது குறை, நோட்டுகள் திரும்பிய பிறகு நடந்தது. இதற்கு நூலகத்தைவிடச் செய்தி வாசிக்கும் நாம்தான் பொறுப்பு. 2022 ஜூலையில் நூலகம் டார்வின் பற்றிய கண்காட்சியைத் திறந்தது. மீட்ட நோட்டுகளும் அதில் இடம்பெற்றன. ஆனால் கண்காட்சியின் மையம் அவருடைய கடிதங்கள். புறா வளர்ப்பவர், தோட்டக்காரர், தூதரக அதிகாரி என்று பலருக்கும் எழுதி, கேட்டு, சரிபார்த்து வேலை செய்த மனிதர் அவர். அந்தக் கடிதங்களைத் தேடிப் பிடித்துத் தொகுக்கும் திட்டம் 1974-இல் தொடங்கியது. 15,000 கடிதங்களுக்கு மேல், 30 தொகுதிகள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு உழைப்பு. நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். பிங்க் பை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கடிதத் தொகுப்பு ஒருவருக்கும் தெரியவில்லை.

இதே நூலகத்தில் இன்னொரு உதாரணமும் உண்டு. அதன் கட்டடத்துக்கு நடுவில் 48 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. வெளியே காட்டக்கூடாத ஆபாசப் புத்தகங்களை அங்கே பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது மாணவர்களிடையே தலைமுறை தலைமுறையாக ஓடிய வதந்தி. 2018-இல் நூலகம் அந்த வதந்தியையே தூண்டிலாகப் போட்டு ஒரு கண்காட்சி வைத்தது. உண்மையில் அங்கே இருந்தவை வேறு. பிரிட்டனில் அச்சாகும் நூல்களில் ஒரு பிரதியைக் கேட்டுப் பெறும் சட்ட உரிமை இந்த நூலகத்துக்கு உண்டு. அப்படி வந்தவற்றில் 'ஆய்வுக்கு உதவாது' என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டிய குழந்தைக் கதைகள், வெகுஜன நாவல்கள், கையேடுகள் போன்றவைதான் கோபுரத்துக்குப் போயின. சுமார் 2 லட்சம். இன்று விக்டோரியா கால வாழ்க்கையை ஆராய்பவர்களுக்கு அவை புதையல்.

அந்தக் கண்காட்சிக்கு முன்னால் பல வருஷம் நடந்த வேலை ஒன்று உண்டு. மெல்லன் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, கோபுர நூல்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கணினிப் பட்டியலில் ஏற்றினார்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்க முடியும்? நல்ல கண்காட்சி என்பது நல்ல பட்டியலின் உபரி. பட்டியல் வேலை நடக்காத இடத்தில் வைக்கும் கண்காட்சி வெறும் அலங்காரம் என்பது என் கருத்து.

இதை நம்மவர் ஒருவர் எப்போதோ சொல்லிவிட்டார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. அந்த விதிக்கான வழிமுறைகளைப் பேசும்போது, திறந்த அலமாரி, பட்டியல், விளம்பரம், பொது நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறார். சொற்பொழிவும் கண்காட்சியும் அவருக்கு நூலகத்தின் தனிப் பிரிவு கிடையாது. நூலை வாசகரிடம் சேர்ப்பதற்கான பல வழிகளில் அவையும் சில.

சரி, இதெல்லாம் எதற்கு? போன வருஷம் நம்ம ஊர்ப்பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். 1930-களில் அச்சான ஒரு சிறுநூல் தேவைப்பட்டது. கணினியில் தேடினால் 'உள்ளது' என்று வந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் தேடிவிட்டு வந்த ஊழியர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சிஸ்டத்துல இருக்கு சார், ரேக்ல இல்ல."

"எப்பலேர்ந்து இல்ல?"

"அது தெரியாது சார். நான் வந்ததுலேர்ந்தே இப்படித்தான்."

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, உண்மையாகத்தான் தேடினார். நான் வெளியே வந்தபோது வாசலில் புத்தக தினக் கண்காட்சிக்கு ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறுநூல் இப்போதும் கணினியில் 'உள்ளது'. அடுத்து தேடி வருபவரும் முக்கால் மணி நேரம் காத்திருப்பார். வேறு எங்கேயாவது ஒரு பிரதி கிடைக்கிறதா என்று யாரும் தேட மாட்டார்கள், இங்கே இருப்பதாகத்தானே பதிவு சொல்கிறது? கடைசிப் பிரதியாக இருந்தால், அது தொலைந்ததுகூட நமக்குத் தெரியப் போவதில்லை.

என் யோசனை எளிமையானது. நூலகச் செய்தியில் வழக்கமான படங்களுக்குக் கீழே மூன்று வரி சேர்க்கலாம். இந்த வருஷம் புதிதாக வந்தவை இத்தனை, பட்டியலில் ஏறியவை இத்தனை, சரிபார்ப்பில் காணாதவை இத்தனை. மூன்றாவது வரியை எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஆடிட்டுக்குப் பயந்து, பழி யார் தலையில் விழுமோ என்று பயந்து, அந்த வரியை யாரும் எழுதுவதில்லை. காணாததைக் காணோம் என்று எழுதும் ஊழியரைத் தண்டிக்காத ஏற்பாடு வந்தால்தான் அது நடக்கும்.

ரிப்பன் வெட்டும் படத்தைவிட அந்த மூன்றாவது வரியைத்தான் நான் முதலில் படிப்பேன். ஒருவேளை அதே வரியைப் படிக்கும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில், முப்பது வருஷமாகத் திருப்பிக் கொடுக்காத அந்தச் சிறுநூல் இருக்கலாம். பை எந்த நிறத்தில் இருந்தாலும் பரவாயில்லை.