பார்வையாளருக்கு அனுமதி இல்லை

ஸ்ரீரங்கத்தில் முதியோர் இல்லம் என்றால் ஆதரவற்றோர் விடுதி என்று மட்டும் நினைத்துவிட முடியாது. கடைசிக் காலத்தை ரங்கநாதர் கோபுரத்தைப் பார்த்தபடி கழிக்க வேண்டும் என்று தாங்களே விரும்பி, டெபாசிட் கட்டி, மாதாமாதம் பணம் செலுத்தித் தங்குகிறவர்கள் உண்டு. பிள்ளைகள் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ இருப்பார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் வந்தால் கதை வேறு. அங்கே அறக்கட்டளைகளும் கிறித்தவ சபைகளும் நடத்தும் இலவச இல்லங்களைப் பார்க்கலாம். பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஒருவேளைச் சாப்பாடு போட வருகிறவர்களை நம்பி அடுப்பு எரிகிற இடங்கள் அவை. 2020 மார்ச் கொரோனா ஊரடங்கில் இந்த இரண்டு வகை இல்லங்களும் கிரில் கேட்டைப் பூட்டின.

பூட்டியது தவறென்று சொல்ல மாட்டேன். ஒரே கூடத்தில் சாப்பாடு, பொதுக் கழிவறை, அடுத்தடுத்த கட்டில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள உடம்பு. ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். மருத்துவமனைகளிலிருந்து பரிசோதனை செய்யாமலேயே நோயாளிகளை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பிய இங்கிலாந்து பெரும் உயிர்ச்சேதத்தைக் கண்டது. அந்தக் கொள்கை சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது. நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 மார்ச் 1-ஆம் தேதிதான். அதுவரை ஒரு வார்டனின் கையில் இருந்த உருப்படியான கருவி அந்தப் பூட்டு ஒன்றுதான்.

ஆனால் பூட்டு யாரை வெளியே நிறுத்தியது? மகளை நிறுத்தியது. ஆயாவும் சமையல்காரரும் காய்கறி கொண்டு வருபவரும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தாக வேண்டும். அவர்கள் இல்லாமல் இல்லம் நடக்காது. தினமும் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் ஊழியர் வழியே கிருமி நுழையலாம் என்றால், வாரம் ஒருமுறை முகக்கவசத்தோடு வரும் மகளை மட்டும் தடுப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம். ஊழியர்களையும் உள்ளேயே தங்கவைத்தால் தடைக்குத் தர்க்கம் உண்டு. அப்போதும் விலை கொடுப்பவர், சொந்தப் பிள்ளைகளை வாரக்கணக்கில் பிரிந்திருக்கும், மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஆயாதான்.

இதைவிடப் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. வருகிறவர்களை நாம் விருந்தாளிகள் என்று எண்ணிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வரும் மகள் அம்மாவின் நகத்தை வெட்டுவாள், முதுகில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பாள், பிரஷர் மாத்திரை அட்டையில் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணுவாள். போகும்போது ஆயாவின் கையில் ஐம்பது ரூபாய் வைத்து, "கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்பாள். இதுவும் பராமரிப்புதான், கூடவே கண்காணிப்பும். அதிகாரிகளின் ஆய்வு எத்தனை முறை நடந்தாலும் வாராவாரம் வரும் இந்தக் கண்ணுக்கு ஈடாகாது. இலவச இல்லங்களிலோ, வருகிறவர்தான் அரிசி மூட்டையும் கொண்டுவருகிறவர். கேட்டைப் பூட்டியபோது வரவும் சேர்ந்து நின்றது.

மாற்றாக வந்தது வாட்ஸ்அப் வீடியோ கால். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது வரம்தான்; வழக்கமான சர்வதேச விமான சேவை 2022 மார்ச் 27 வரை நின்றிருந்தது. ஆனால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அதே இல்லத்தின் ஊழியர். அவர் எதிரில், "ராத்திரி கூப்பிட்டா யாரும் வர்றதில்லைடா" என்று எந்தப் பாட்டி சொல்வாள்? காது மந்தமானவர்களுக்கும் கண்புரை விழுந்தவர்களுக்கும் மறதி நோய் முற்றியவர்களுக்கும் அந்தச் சின்னத் திரையால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

சட்டமும் இந்த இடத்தில் ஊமை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 பராமரிப்பு என்று சொல்லும்போது உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. பிள்ளையைப் பார்க்கும் உரிமை அதில் இல்லை. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியம், மருந்து, முகக்கவசம், இல்லங்களில் கிருமிநீக்கம், பராமரிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடை என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு, அதுவும் கட்டிலருகே வந்து உட்காரும் உறவினரைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் 1-ஆம் தேதி கோயில்கள் திறந்தன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸும் தேவையில்லை என்றானது. இடைவெளி விட்டு நின்று ரங்கநாதரைச் சேவிக்கலாம். பக்கத்துத் தெரு இல்லத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கலாமா என்பது மட்டும் பெரும்பாலும் நிர்வாகியின் அச்சத்தையும் துணிச்சலையும் பொறுத்தே இருந்தது.

நெதர்லாந்து 2020 மே 11-இல் 26 இல்லங்களில் ஒரு முயற்சி செய்தது. ஒவ்வொரு முதியவருக்கும் குறிப்பிட்ட ஒரே ஒருவர், கட்டுப்பாடுகளோடு வரலாம். முதல் சில வாரங்களில் அதனால் புதுத் தொற்று ஏற்படவில்லை. அவை தொற்று இல்லாத, முகக்கவசத் தட்டுப்பாடு இல்லாத இல்லங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 6 முதல், தக்க காரணமில்லாமல் உறவினரைத் தடுக்கக் கூடாது என்பது விதியாகிவிட்டது.

நமக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். 2007 சட்டத்தின் கீழ் தமிழ்நாடு வகுத்த 2009-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்: ஆளுக்கு ஒருவர், பெயர் பதிவு செய்து, ஊழியருக்கு உள்ள அதே பரிசோதனையோடும் தடுப்பூசியோடும், தொற்றுக் காலத்திலும் உள்ளே வரலாம். உறவே இல்லாதவர்களுக்கு அந்த ஒருவராகத் தன்னார்வலர் வரட்டும். புத்தூர் பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப்பணித் துறையே இருக்கிறது. பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

அந்தப் பத்தி அரசாணையாக வரும்வரை ஒன்று செய்யலாம். பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் டெபாசிட் எவ்வளவு என்று கேட்கும்போதே, அடுத்த ஊரடங்கில் யாரை உள்ளே விடுவீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.