குதிநாண் வலியும் ஒரு சுவீடன் ஆய்வும்

குதிகாலுக்குச் சற்று மேலே, பின்புறத்தில், கயிறுபோல் கைக்குத் தட்டுப்படுவது குதிநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தசைநாண் இது. ஓட்டப் பழக்கமுள்ளவர்களை இதில் தோன்றும் வலி மாதக்கணக்கில் வாட்டுவதுண்டு. "ஓய்வெடு, காலுக்கு வேலை கொடாதே" என்பதே நெடுங்காலம் இதற்குக் கூறப்பட்ட அறிவுரை. இதனைத் தலைகீழாக்கியது, 1998-இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்' இதழில் வெளிவந்த ஒரு சிறு கட்டுரை. சுவீடனின் ஊமெயோ நகரைச் சேர்ந்த ஹோக்கன் ஆல்ஃபிரெட்சனும் அவருடைய குழுவினரும் எழுதியது. இன்றும் மேற்கோள் காட்டப்படும் இக்கட்டுரை எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

நாட்பட்ட குதிநாண் வலியுடைய 15 பேருக்கு அவர்கள் ஒரு பயிற்சி அளித்தனர். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நோயுற்ற காலின் குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மேலே எழுவதற்கு மற்றக் காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி 45 முறை, மடக்கி 45 முறை. காலையும் மாலையும் சேர்த்து நாள் ஒன்றுக்கு 180 முறை. வலித்தாலும் நிறுத்தக் கூடாது. வலி குறைந்ததும் முதுகுப் பையில் பாரம் ஏற்றிக்கொள்ள வேண்டும். 12 வாரங்களில் 15 பேரும் முன்போல் ஓடத் தொடங்கினர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட வேறு 15 பேருக்கோ ஓய்வு, மாத்திரை முதலிய பழைய முறைகள் பலிக்கவில்லை. அனைவரும் இறுதியில் அறுவை செய்துகொண்டனர்.

முடிவு கவர்ச்சியானதுதான். ஆனால், இரு குழுக்களும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. பழைய முறையில் குணமடைந்து வீடு திரும்பியவர் ஒருவர்கூட ஒப்பீட்டுக் குழுவில் இல்லை. தேர்வில் தவறியவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி வைத்து, பாடநூலே பயனற்றது என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். ஆகவே, பயிற்சி பயன் தரக்கூடும் என்பதற்கு இக்கட்டுரை சான்று. எத்தனை மடங்கு பயன் என்பதற்குச் சான்றாகாது.

அடுத்த கேள்வி இயற்பியல் சார்ந்தது. குதிகாலை இறக்குவதில் மட்டும் தனிச் சிறப்பு உண்டா? 60 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலின் முன்பாதத்தில் நிற்பதாகக் கொள்வோம். கணுக்காலிலிருந்து முன்பாதம் ஏறத்தாழ 12 செ.மீ., குதிநாண் 5 செ.மீ. தொலைவில் இருப்பின், நெம்புகோல் விதிப்படி நாணின் இழுவிசை 60 × 12 ÷ 5 = 144 கிலோ எடைக்குச் சமம். பையில் 10 கிலோ சேர்த்தால் 168. இயக்கம் மெதுவாக இருக்கும்வரை, எழுந்தாலும் இறங்கினாலும் இக்கணக்கு மாறாது. நாணுக்குத் தெரிவது பாரமே, திசை அன்று. 2015-இல் வெளியான டென்மார்க் ஆய்வு இதற்கு இசைகிறது. எழுதல், இறங்கல் இரண்டையும் மிகுந்த பாரத்தோடு மெதுவாக, வாரம் 3 முறை மட்டும் செய்தவர்களும் ஏறத்தாழ அதே பயனை அடைந்தனர். அப்படியானால், அன்றாடம் 180 முறை என்ற கடுமையைக் கண்டு மலைத்துப் பயிற்சியையே கைவிடுபவர்கள் வீணாக நலம் இழக்கின்றனர்.

பயிற்சியால் நாண் புதிதாகிவிடுகிறதா என்பதற்கும் கட்டுரையில் விடை இல்லை. 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ அளவுகோலாகக் கொண்டு, குதிநாணின் உட்பகுதி 17 வயதுக்குப் பின் ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் டேனிஷ் ஆய்வாளர் கண்டனர். ஆகவே சிதைந்த இழைகள் மறைந்து புதியவை முளைக்கின்றன என்ற எளிய விளக்கம் போதாது. வலி தணிவதும் திசு சீராவதும் ஒன்றல்ல.

இத்தனை குறைகள் இருந்தும் இக்கட்டுரையை நான் மதிக்கிறேன். வலிக்கும் நாணுக்கு வேலை கொடுக்கலாம் என்று துணிந்து காட்டியது அதன் பெருமை. உடனடி நிவாரணம் நாடுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முழங்கை நாண் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் ஓராண்டுக்குப் பின் நன்கு தேறியவர்கள் 83 விழுக்காடு. மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 96 விழுக்காடு என்று 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு கூறுகிறது. விரைவில் தணிவது வேறு, நிலையாகத் தேறுவது வேறு.

ஓர் எச்சரிக்கை. குதிநாணில் திடீரென 'பட்' என்ற உணர்வுடன் வலி தோன்றி, முன்பாதத்தில் எழுந்து நிற்க இயலாது போனால், நாண் அறுந்திருக்கக்கூடும். அப்போது பயிற்சி கூடாது. உடனே மருத்துவரைக் காண வேண்டும். மற்றபடி, நாட்பட்ட வலிக்குப் படிப்படியாக ஏற்றும் பாரமும் மூன்று மாதப் பொறுமையும் வேண்டும். சிறிய ஆய்வு ஒன்று நல்ல வழியைக் காட்டலாம். அவ்வழியின் நீள அகலங்களை அளந்து சொல்லப் பின்வந்த ஆய்வுகளே தேவைப்பட்டன.