உவர்நீர் கழிவு கொடுப்பதில்லை

மட்டக்களப்பின் கல்லடியில் 1924இல் கட்டிய இரும்புப் பாலம் 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்டு நின்றது. அதன் அருகே 2013இல் புதுப்பாலமும், மறு ஆண்டு மண்முனையில் இன்னொன்றும் யப்பானிய உதவியுடன் திறக்கப்பட்டன. பாதைப் படகில் ஏறி வாவி கடந்த படுவான்கரை மக்களுக்கு மண்முனைப் பாலம் தந்த ஆறுதலில் விவாதமில்லை. விவாதிக்க வேண்டியது, இத்தகைய வேலைகளின் நெடுங்காலச் செலவை மதிப்பிடும் முறையை.

வழக்கமான செலவு–நன்மைக் கணிப்புக்கு ஒரு சிறப்பு உண்டு. எந்த ஊருக்கு எந்த வீதி என்பதை மேடைப் பேச்சிடம் மட்டும் விட்டுவிடாது. ஆனால் அந்தக் கணிப்பில் வருங்காலம் சுருங்கிப்போகிறது. ஆண்டுக்கு 10 சதவீதக் கழிவு போட்டால், 30 ஆண்டு கழித்துச் செய்யவேண்டிய 100 ரூபாத் திருத்தவேலை இன்று ஆறு ரூபாகூடப் பெறாது. வாவியின் உவர்நீர் அப்படிக் கழிவு கொடுப்பதில்லை. உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைத் தொடுகிறது. துருவேறிய கம்பி பருத்து, மேலே மூடிய கொங்கிறீற்றைப் பிளக்கிறது. அந்தப் பிளவு வழியே இன்னும் உப்பு இறங்குகிறது. மூடும் தடிப்பைத் தொடக்கத்திலேயே சற்றுக் கூட்டினால் இது பல ஆண்டு தள்ளிப்போகும். கூட்டும் செலவோ இன்றைய முழு விலையில் கணக்கேறுகிறது. அதனால் வெட்டுவதற்கு வசதியாகவும் இருக்கிறது.

வெள்ளக் கணக்கிலும் இதே கோணல். 50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் நம் காலத்தில் வராது என்றே காதில் விழுகிறது. 50 ஆண்டு நிற்கும் வீதி அதை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். 2011 சனவரியில் மூழ்கிய மட்டக்களப்பு மாவட்டம் 2014 டிசம்பரில் மீண்டும் வெள்ளம் கண்டது. அதோடு, இங்கே வெள்ளத்தின் உயரம் மழையால் மட்டும் அமைவதில்லை. மணல் மூடிய முகத்துவாரம் எப்போது வெட்டப்படுகிறது, வயல் நடுவே உயர்த்திய வீதிக்கு எத்தனை மதகு என்பவற்றாலும் அமைகிறது. உயர்த்திய வீதி தப்பிக்கும். தேங்கிய நீரில் அழுகும் நெல் விவசாயியின் நட்டமாகிவிடும், திட்டச் செலவில் ஏறாது. என்னைக் கேட்டால், இம்முறையின் ஆகப்பெரிய குறை இதுதான்.

முப்பது ஆண்டுக்கு அப்பால் கணிப்பது வெறும் ஊகம் என்பார்கள். உண்மைதான், ஆனால் எழுதாமல் விட்டால் அந்தச் செலவைப் பூச்சியம் என்று ஊகித்ததாகிறது. ஒற்றை எண் வேண்டாம், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று எழுதலாமே. காசில்லாத நாட்டுக்கு இன்று பாலம் கிடைத்தாலே போதாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. உதவிப் பணம் கட்டி முடிக்கும்வரைதான் வரும். பிறகு பராமரிப்பு வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் தலையிலும் பிரதேச சபைகளின் தலையிலும் விழும். 2022இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற நாடு இது. ஆகவே முப்பது ஆண்டுப் பராமரிப்பும் வயல்களுக்கு வரக்கூடிய சேதமும் கழிவு போடாத தொகையாகத் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்திலேயே இருக்கட்டும். கையெழுத்திடுபவர் அதைப் பார்த்துவிட்டு இடட்டும்.