நீலமாகும் மலையும் நாக்கின் சுவையும்

கூர்ஸ் லைட் என்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்த ஒரு பீர். அதன் புட்டியிலுள்ள லேபிளில் ஒரு மலைத்தொடர் வரையப்பட்டிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் மலை வெள்ளையாக இருக்கும்; புட்டி நன்கு குளிர்ந்ததும் நீலமாகிவிடும். 2007-இல் இந்த லேபிள் கடைகளுக்கு வந்தது. மலை நீலமாகிவிட்டதா, பீர் பதமாகிவிட்டது என்பது விளம்பரத்தின் வாதம். இந்த வாதத்தின் முதல் பாதி நல்ல இயற்பியல். இரண்டாம் பாதி எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

மாணவர்கள் படிக்கும் ஏட்டில் பீரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு வியாபாரி வெப்பநிலைமானியைக் கையில் ஏந்திக்கொண்டு பேசும்போது, அந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது என்று கேட்பது இயற்பியல் ஆசிரியனின் வேலை.

லேபிளை முதலில் பாராட்டிவிட வேண்டும். அதன் மையில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உறைகள் உள்ளன. ஒவ்வோர் உறைக்குள்ளும் மூன்று பொருள்கள்: ஒரு சாயம், ஒரு வீரியம் குறைந்த அமிலம், இவற்றைக் கரைத்து வைத்திருக்கும் மெழுகு போன்ற ஒரு கரைப்பான். கரைப்பான் உருகிய நிலையில் இருக்கும்வரை சாயம் நிறமற்றிருக்கும். குளிரில் கரைப்பான் உறைந்ததும் சாயமும் அமிலமும் சேர்ந்து நிறம் பிறக்கிறது. எந்த வெப்பநிலையில் உருகும் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதுவே நிறம் மாறும் வெப்பநிலை. அழகான ஏற்பாடு. ஆனால் இந்த லேபிள் காட்டுவது புட்டியின் வெளித்தோலின் வெப்பநிலையைத்தான். பனிக்கட்டி நீரில் புட்டியை அமிழ்த்தினால் முதலில் குளிர்வது கண்ணாடி. உள்ளே இருக்கும் பீர் பின்னால்தான் வரும்.

இதைவிடச் சுவையான சோதனை ஒன்றை அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம், தானறியாமலே, உலகுக்குச் செய்து காட்டியது. அதன் கரிய பீர் வழக்கமாக 6 டிகிரி சென்டிகிரேடு அளவில் பரிமாறப்படுவது. 1998-இல் 'எக்ஸ்ட்ரா கோல்டு' என்ற பெயரில் அதே பீரை 3.5 டிகிரிக்குக் குளிர்வித்து வேறொரு குழாயில் விற்கத் தொடங்கினார்கள். திரவம் ஒன்றே, மாறியது வெப்பநிலை மட்டும். இரண்டரை டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு தனிக் குழாயும் தனிப் பெயரும் வேண்டுமென்றால், குளிர் எதையோ மாற்றுகிறது என்று நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. எதை?

இந்த இடத்தில் பொதுவாக எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்: "குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது." எனக்கு இந்தப் பதிலில் திருப்தியில்லை. நாக்கு மரத்துப்போனால் எல்லாச் சுவைகளும் ஒரே அளவில் மங்க வேண்டும் அல்லவா? அப்படி நடப்பதில்லை. நாக்கைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர்வித்துச் செய்த சோதனைகளில் சர்க்கரையின் இனிப்பும் காஃபீனின் கசப்பும் குறைந்தன. எலுமிச்சை அமிலத்தின் புளிப்பும் உப்பின் கரிப்பும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஆக, குளிர் சில சுவைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அமுக்குகிறது.

இதற்கான காரணம் 2005-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. பெல்ஜியத்திலுள்ள லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தலவேராவும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி அது. இனிப்பையும் கசப்பையும் உணரும் செல்களில் டி.ஆர்.பி.எம்.5 என்ற புரதம் உண்டு. அயனிகள் நுழையும் வாயில் போன்றது அது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிவரை வெப்பம் ஏற ஏற இந்த வாயில் வழியே பாயும் மின்னோட்டம் செங்குத்தாக ஏறுகிறது. எலிகளின் சுவை நரம்பில் அளந்தபோது இனிப்புக்கான துடிப்பும் அவ்வாறே ஏறியது. இந்தப் புரதம் இல்லாத எலிகளில் அந்த ஏற்றம் இல்லை. உருகிய ஐஸ்கிரீம் ஏன் திகட்டுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம். புளிப்புக்கும் உப்புக்கும் வேறு வாயில்கள். அவை இப்படிக் குளிருக்கு அஞ்சுவதில்லை.

ஆனால் பீரின் குணத்தில் பெரும்பகுதி நாக்கிலேயே இல்லை, மூக்கில் இருக்கிறது. ஜலதோஷம் பிடித்தவருக்கு ரசம் வெந்நீர் போலிருப்பதை நாம் அறிவோம். வாயிலிருக்கும் திரவத்திலிருந்து ஆவியாகும் மணப்பொருள்கள் தொண்டையின் பின்வழியே மூக்கை அடைந்தால்தான் சுவை முழுமை பெறும். நொதித்தலின்போது உண்டாகும் எஸ்டர்கள், அவற்றுள் வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட், ஹாப்ஸ் பூவின் எண்ணெய்கள் எல்லாம் இந்த வகை. இவை எவ்வளவு வெளியேறும் என்பதை ஆவியழுத்தம் தீர்மானிக்கிறது. தூய எத்தில் ஆல்கஹாலின் ஆவியழுத்தம் 20 டிகிரியில் 44 மில்லிமீட்டர் பாதரசம்; 0 டிகிரியில் 12 மட்டுமே. மணப்பொருள்களும் இப்படித்தான் குளிரில் ஒடுங்குகின்றன.

வாய் சூடாகத்தானே இருக்கிறது, ஒரு மிடறு உள்ளே போனதும் சூடேறிவிடாதா என்று ஒரு நல்ல மாணவன் கேட்பான். ஏறும், அதை வாயில் வைத்திருந்தால். குளிர்ந்த பீரை விளம்பரத்தில் குடிப்பவர் யாரும் வாயில் வைத்திருப்பதில்லை, மடமடவென்று விழுங்குகிறார். சூடேற நேரமே கிடைப்பதில்லை.

மிஞ்சுவது வாயு. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 1.7 கிராம்தான். குளிர்ந்த பீர் தன் வாயுவை எளிதில் விடாது. நாக்கில் சுருக்கென்று குத்துவது குமிழிகள் என்று நினைக்கிறோம். உண்மையில் குத்துவது, வாயிலுள்ள ஒரு நொதி அந்த வாயுவையும் நீரையும் சேர்த்து உண்டாக்கும் கார்பானிக் அமிலம். குளிரில் இந்தக் குத்தல் குறைவதில்லை, கூடுகிறது.

இப்போது கணக்கைக் கூட்டிப் பாருங்கள். மணம் போயிற்று, இனிப்பு போயிற்று, கசப்பு தணிந்தது; குளிர்ச்சியும் குத்தலும் நின்றன. இதற்குப் பெயர் புத்துணர்ச்சி என்றால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. மணமும் கசப்பும் குறைவாகவே வடிக்கப்படும் ஒரு லேசான பீருக்கு இதனால் பெரிய நஷ்டமும் இல்லை. நான் குறை சொல்வது வேறொன்றை. நீல மலை 'பதம்' என்று சொல்லும்போது, ருசிக்கு உகந்த வெப்பநிலை இதுதான் என்று வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். லேபிள் காட்டுவதோ ருசி மிகக் குறைவாகத் தெரியும் வெப்பநிலையை. அளவு சரி, அதற்கு ஒட்டிய பெயர் தவறு.

எதிர்க்கட்சியையும் விட்டுவிடக் கூடாது. பீப்பாயிலிருந்து நேரே வடிக்கும் பழைய ஏல் வகையைக் காக்க இங்கிலாந்துக்காரர்கள் 1971-இல் காம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1993-இல் பிரதமர் ஜான் மேஜர் தம் நாட்டின் மாறாத அடையாளங்களை அடுக்கியபோது 'வெதுவெதுப்பான பீர்' என்பதையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லே பிழை. ஏல் பரிமாறப்படுவது நிலவறையின் வெப்பநிலையில், அதாவது 11 முதல் 13 டிகிரியில். நாக்கைவிட அது இருபது டிகிரிக்கு மேல் குளிர்ந்தது! இதை மரபு என்றும் ரசனை என்றும் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். இதற்குள்ளும் ஹென்றி விதி ஒளிந்திருக்கிறது. பீப்பாயின் வாயு வெளியேற வழி விட்டிருப்பதால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலம்தான். 12 டிகிரியில் அந்த அழுத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 2.2 கிராம் வாயு கரைந்திருக்கும். நல்ல ஏலில் இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு. அறையின் சூட்டில் 20 டிகிரிக்கு விட்டால் வாயு போய்ப் பீர் சப்பென்றாகிவிடும். வெப்பநிலையை மட்டும் தனியே மாற்ற முடியாது. அதோடு வாயுவும் மாறும். எனவே 'குளிராதிருந்தால் ருசி' என்பதும் 'குளிர்ந்தால் ருசி' என்பதைப் போலவே பாதிப் பேச்சு.

இவ்வகைச் சுவைச் சோதனைகளை நம்புவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குடிப்பவரின் கண்ணைக் கட்டலாம், லேபிளைக் கிழிக்கலாம், ஆனால் குளிர்ச்சியை மறைக்க முடியாது. இரு கோப்பைகளில் எது குளிர்ந்தது என்பது உதட்டில் பட்டதுமே தெரிந்துவிடும். அதன்பின் அவர் தரும் தீர்ப்பில் பழக்கம் எவ்வளவு, நாக்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது? பீர் இல்லாமலே இதை ஓரளவு பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அறை வெப்பநிலையிலுள்ள சர்க்கரைக் கரைசலை ஒரு டம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மிடறு சுவைத்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். பிறகு ஒரு பனிக்கட்டித் துண்டை நாக்கின் நுனியில் அரை நிமிடம் வைத்திருந்து, அதே கரைசலைச் சில துளிகள் நாக்கின் நுனியில் விட்டுப் பாருங்கள். இம்முறை குளிர்ந்திருப்பது கரைசல் அல்ல, நாக்கு மட்டுமே. எலுமிச்சைச் சாற்றிலும் இதே சோதனையைச் செய்து, இரண்டில் எது அதிகம் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.