விரிவும் முழுமையும்: ‘த லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ திரைப்படங்களின் இல்லப் பதிப்புக்கள் குறித்துச் சில கருத்துக்கள்

ஒரு படைப்பு எப்போது முழுமை பெறுகின்றது என்னும் வினா திறனாய்வுக்குப் புதியதன்று. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நமது பழைய நூல்களைப் பொறுத்தவரையில் இவ்வினா பாடபேதம், இடைச்செருகல், மிகைப்பாடல் முதலிய பெயர்களில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரிய செய்யுள்களை மிகைப்பாடல்கள் எனத் தனியே பிரித்து வைத்தமையை நாம் அறிவோம். அங்கு ஐயத்துக்குள்ளாவது பெரும்பாலும் நீண்ட பாடமே. குறுகிய பாடம் மூலத்துக்கு அண்மையதாகக் கொள்ளப்படும். திரைப்படத்திலோ இந்நிலை தலைகீழாகின்றது. படம் பிடிக்கப்பட்டவற்றுள் ஒரு பகுதியை நீக்கிய பின்னரே குறுகிய வடிவம் உருவாகின்றது. நீக்கப்பட்டவற்றுட் சில பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டு, வீட்டிலிருந்து பார்ப்போருக்கு விற்கப்படும்போது, எது மூலம், எது மிகை என்று துணிதல் எளிதன்று.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பீற்றர் ஜக்சன் நியூசிலாந்தில் உருவாக்கிய ‘த லோர்ட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் மூன்று படங்களின் தொகுதி தக்க சான்றாக அமைகின்றது. ஜே. ஆர். ஆர். டொல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நாவலைத் தழுவிய இப்படங்கள் 2001, 2002, 2003 ஆம் ஆண்டுகளின் டிசெம்பர் மாதங்களில் திரைக்கு வந்தன. இவற்றுள் மூன்றாவது படம் 2004 இல் 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. திரையரங்குகளில் இவை முறையே 178, 179, 201 நிமிடங்கள் ஓடின. ஆயின் ஒவ்வொரு படத்துக்கும் ‘விரிவாக்கப் பதிப்பு’ என்ற பெயரில் மற்றொரு வடிவம் டி.வி.டி. இறுவட்டுக்களாக வெளிவந்தது. முதலிரு படங்களின் விரிவாக்கப் பதிப்புக்கள் 2002, 2003 ஆம் ஆண்டுகளின் நவம்பர் மாதங்களிலும் மூன்றாவது 2004 டிசெம்பரிலும் விற்பனைக்கு வந்தன. ஏறத்தாழ 30, 44, 50 நிமிடங்கள் என்ற அளவில் காட்சிகள் கூட்டப்பட்டமையால், ஒன்பது மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்த தொகுதி பதினொரு மணித்தியாலங்களைக் கடந்தது. வெட்டியெறிந்த துண்டுகள் வெறுமனே ஒட்டப்படவில்லை. ஹொவார்ட் ஷோர் இவற்றுக்கெனப் புதிய இசை அமைத்தார். காட்சித் தந்திரங்களும் நிறைவு செய்யப்பட்டன. எனவே இதனை வேறொரு படைப்பு வடிவம் என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்விரு வடிவங்கள் பற்றியும் நிலவும் கருத்துக்களை இரு சார்பாக வகுக்கலாம். விரிவாக்கப் பதிப்பே உண்மையான படம் என்பது ஒரு சாராரின் முடிபு. நாவலில் ஈடுபாடுடையோர் பெரும்பாலும் இச்சார்பினர். பாத்திரங்களின் உள்ளம் துலங்குவதும், டொல்கீனின் உலகம் அகலம் பெறுவதும் இவ்வடிவத்திலேயே என்பர். மற்றைச் சாரார் திரைப்படக் கலையின் இயல்பை முன்னிறுத்துவர். இறுக்கமும் விரைவும் குலைந்து, எதிர்பார்ப்பு நீர்த்துப்போகின்றது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. மூன்றாவது படத்தில் முற்றுகைக்குள்ளான நகரை நோக்கிப் பகைவரின் கப்பல்கள் வருகின்றன. அவற்றிலிருந்து அரகோர்ண் குதிக்கின்றான். திரையரங்கு வடிவத்தில் வியப்பளிக்கும் இக்கட்டம், கப்பல்கள் கைப்பற்றப்படவிருப்பதை விரிவாக்கப் பதிப்பு முன்னரே காட்டிவிடுவதால் வலுவிழக்கின்றது. இவ்வெதிர்ப்பில் நியாயமுண்டு. இயக்குநரும் விரிந்த வடிவத்துக்கு ‘இயக்குநரின் வடிவம்’ என்று பெயர் சூட்டவில்லை என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்விரு சாராரும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றனர் என்பதே எமது கருத்து. கால அளவு என்பது கலைத் தேவையினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதாக இருவரும் கொள்கின்றனர். உண்மை அதுவன்று. டொல்கீன் தமது நாவலை ஒரே நூலாகவே கருதினார். போருக்குப் பிந்திய பிரித்தானியாவின் காகிதத் தட்டுப்பாடும் அச்சுச் செலவுமே அதனை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கச் செய்தன. இன்று ‘மூன்று படங்கள்’ என்பது இயல்பானதாகத் தோன்றுமாயின், அவ்வியல்பின் வேர் வெளியீட்டகத்தின் கணக்கேட்டில் உள்ளது. திரைப்படத் திட்டமும் முதலில் மிராமக்ஸ் நிறுவனத்திடம் இரண்டு படங்களாக இருந்து, ஒன்றாகச் சுருக்கப்படவேண்டும் என்ற நெருக்குதலுக்கு உள்ளாகி, பின்னர் நியூ லைன் நிறுவனத்திடம் சென்றபோதே மூன்றாயிற்று. படம் நீளுமாயின் திரையரங்கொன்றில் ஒரு நாளுக்குரிய காட்சிகள் குறையும். காட்சிகள் குறையின் வருமானம் குறையும். ஆகவே திரையரங்கு வடிவத்தின் ‘இறுக்கம்’ கலைஞரின் கட்டுப்பாடு மாத்திரமன்று, நுழைவுச்சீட்டின் கட்டுப்பாடுமாகும்.

அவ்வாறாயின் விரிவாக்கப் பதிப்பு சந்தையிலிருந்து விடுதலை பெற்ற வடிவமா? அதுவுமன்று. முதற்படத்தின் திரையரங்கு வடிவம் 2002 ஓகஸ்ட் மாதத்தில் இறுவட்டாக வெளிவந்தது. மூன்று மாதங்களில் விரிவாக்கப் பதிப்பு வந்தது. அடுத்த மாதமே இரண்டாவது படம் திரைக்கு வந்தது. ஆர்வமிக்க ஒருவர் ஓராண்டுக்குள் ஒரே கதைக்கு மும்முறை பணம் செலுத்தினார். அத்தோடு அடுத்த படத்துக்கும் ஆயத்தப்படுத்தப்பட்டார். 2010 இல் புளூ-ரே வட்டுக்கள் வந்தபோதும் முதலில் திரையரங்கு வடிவமே விற்கப்பட்டு, அடுத்த ஆண்டில் விரிந்த வடிவம் தரப்பட்டது. விரிவாக்கப் பதிப்புக்களின் இறுதியில் இரசிகர் மன்ற உறுப்பினர்களின் பெயர்கள் பல நிமிடங்களுக்கு ஓடுவதையும் காண்கின்றோம். வாங்குவோரின் பெயரே விற்பனைப் பொருளின் ஒரு பகுதியாகிவிடுகின்றது. முழுமை வேண்டும் என்ற வாசக வேட்கையைச் சந்தை நன்கறியும்; அவ்வேட்கையைத் தவணை முறையில் நிறைவு செய்யவும் அறியும்.

நிற்க, இவ்வளவுடன் ஆய்வை முடித்து, எல்லாம் வணிகமே என்று ஒதுக்குவது எளிய வழி. அது திறனாய்வாகாது. சரக்காக வந்த வடிவத்தினுள்ளும் மனித அனுபவம் செறிந்த பகுதிகள் உள்ளன. அவை எவை, அவை ஏன் முதலில் நீக்கப்பட்டன என்று கேட்கும்போதே விவாதம் பயன்தரும்.

இரண்டாவது படத்தில் வரும் பராமிர் என்னும் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். நாவலில் இவன் மோதிரத்தின் ஆசைக்கு ஆட்படாதவன். படத்திலோ பிரொடோவைச் சிறைப்பிடித்துத் தன் தந்தையின் நாட்டுக்கு இழுத்துச் செல்கின்றான். திரையரங்கு வடிவத்தில் இம்மாற்றம் காரணமற்ற வன்மமாகத் தோன்றியமையால் நாவலின் வாசகர் பலர் சினந்தனர். விரிவாக்கப் பதிப்பிலே பழைய நினைவாக ஒரு காட்சி இடம்பெறுகின்றது. மூத்த மகன் பொரொமிரைக் கொண்டாடும் தந்தை, இளைய மகனை அனைவர் முன்னிலையிலும் இகழ்கின்றார். தந்தையின் மதிப்பைப் பெறத் தவிக்கும் மகனுக்கு மோதிரம் என்னவாகத் தோன்றும் என்பது இப்போது விளங்குகின்றது. தனிமனித இயல்பாகத் தோன்றியது உறவின் விளைவாகத் துலங்குகின்றது. இங்கு விரிவு அலங்காரமன்று. காரண காரியத் தொடர்பின் மீட்பாகும்.

இதனினும் முக்கியமானது வேறொரு சிறு காட்சி. பகைவனுக்குத் துணையாகத் தென்றிசையிலிருந்து வந்த படைவீரருள் ஒருவன் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்து கிடக்கின்றான். இவனது பெயர் யாது, எவ்வூரான், உண்மையில் தீய உள்ளம் படைத்தவன்தானா, அன்றி எவருடைய பொய்யோ அச்சுறுத்தலோ இவனை இத்துணைத் தூரம் நடத்திவந்ததா என்று பராமிர் எண்ணிப் பேசுகின்றான். நாவலில் இவ்வெண்ணம் உழைப்பாளியான சாம் என்னும் தோட்டக்காரனுடைய உள்ளத்தில் எழுவது. படத்தில் படைத்தலைவனின் கூற்றாகின்றது. எளியவனின் சிந்தனை தலைவனுக்கு மாற்றப்பட்டமை குறையே. எனினும், கிழக்கிலும் தெற்கிலும் வாழும் கருநிற மாந்தரைத் தீமையின் அணியில் நிறுத்தும் கதையமைப்பு பற்றி டொல்கீன் மீது நீண்டகாலமாகக் கண்டனம் உண்டு. அக்கண்டனத்துக்கு நாவலுக்குள்ளேயே கிடைக்கும் மிகச் சிறந்த மறுமொழி இப்பகுதியாகும். திரையரங்கு வடிவத்தில் இது இல்லை. யானைகளும் வில்லாளரும் மோதும் ஆரவாரம் அங்கு எஞ்சியுள்ளது. இறந்தவனின் பெயரைப் பற்றிய வினா எஞ்சவில்லை. ஒரு நிமிடமும் நீளாத இக்காட்சியை நீக்கியமையால் கதையின் விரைவு எவ்வளவு கூடியது? பகைவனும் ஒரு தாயின் மகன் என்ற நினைவே ‘தேவையற்றது’ என்ற வரிசையில் முதலில் விழுகின்றது என்பதைப் போர்க்காலத்தைக் கடந்துவந்த வாசகர் எளிதிற் கடந்துபோக மாட்டார்.

எனினும் இதே விரிவாக்கப் பதிப்புக்கள் இதற்கு நேர்மாறானதையும் செய்துள்ளன. மூன்றாவது படத்தின் இறுதிப் போருக்கு முன் பகையரசின் தூதுவன் வாயிலுக்கு வெளியே வந்து பேசுகின்றான். பிரொடோ இறந்தான் எனப் பொய் கூறி எள்ளுகின்றான். நாவலில் அவன் தூதுவருக்குரிய காப்பைக் கோருகின்றான், அது மறுக்கப்படவில்லை, அச்சத்துடன் அவன் உயிரோடு திரும்புகின்றான். விரிவாக்கப் பதிப்பிலோ அரகோர்ண் அவனது தலையைத் துணித்துவிடுகின்றான். திரையரங்கு வடிவத்தில் இக்காட்சியே இல்லை. தூதனைக் கொல்லல் தகாது என்று இராவணன் அவையிலே வீடணன் எடுத்துரைக்கும் அறத்தை அறிந்த நமக்கு, நன்மையின் சார்பில் நிற்கும் அரசன் இவ்வாறு செய்தல் உறுத்துகின்றது. அந்த வீரத்தை ஆரவாரித்து வரவேற்கும் பார்வையாளரும் உளர். ஆனால் அரகோர்ண் என்ற பாத்திரத்தின் தகுதியே அவன் வாளை எப்போது உறையிலிடுவான் என்பதில் தங்கியுள்ளது. இங்கு நீக்கமே நன்று, சேர்க்கையே ஊறு.

ஆக, ஒரே இறுவட்டுத் தொகுதி பகைவனின் மனிதத்தன்மையை மீட்டும் தருகின்றது. போரின் அறத்தை மீறியும் காட்டுகின்றது. நீண்டது சிறந்தது என்பாரும், குறுகியது சிறந்தது என்பாரும் இவ்விரண்டையும் ஒரே நிறையிலிட்டு அளக்கின்றனர்.

முழுமை என்ற சொல்லையே ஐயுறச் செய்யும் மற்றொரு சான்றுமுண்டு. சூழ்ச்சிக்காரனான சருமானின் முடிவு மூன்றாவது படத்தின் திரையரங்கு வடிவத்திலிருந்து நீக்கப்பட்டது. இரண்டு படங்களில் தீமையின் முகமாக நின்ற பாத்திரம் கோபுரத்தினுள் அடைபட்டிருப்பதாக ஒரு சொல்லிலே மறைந்துவிடுகின்றது. அப்பாத்திரத்தை ஏற்ற கிறிஸ்தோபர் லீ தமது அதிருப்தியை வெளிப்படையாகக் கூறினார். விரிவாக்கப் பதிப்பு இவ்விடைவெளியை நிரப்புகின்றது: சருமான் தன் கோபுர உச்சியில் ஏவலாளனாற் குத்துண்டு வீழ்கின்றான்.

ஆனால் நாவலில் அவன் மடிவது அங்கன்று. பிரொடோவின் சொந்தக் கிராமத்திலாகும். போர் முடிந்து வீடு திரும்பும் நால்வரும் தம் ஊர் சூறையாடப்பட்டிருப்பதைக் காண்கின்றனர். மரங்கள் தறிக்கப்பட்டுள்ளன, ஆலை நீரோடையை அழுக்காக்குகின்றது, விளைச்சல் பங்கீடு என்ற பெயரால் பறிக்கப்படுகின்றது, எதிர்த்தோர் சிறைப்படுகின்றனர். பேரரசர் எவருடைய துணையுமின்றி ஊரவரே திரண்டெழுந்து அவ்வாட்சியை அகற்றுகின்றனர். இவ்வத்தியாயத்தைப் பழைமை பேணும் மனப்பாங்கின் வெளிப்பாடாகக் கொள்வோரும், கைத்தொழில் யுகத்தின் சூறையாடலுக்கெதிரான குரலாகக் கொள்வோரும் உளர். அது போருக்குப் பிந்திய இங்கிலாந்தைக் குறிப்பதன்று என்று டொல்கீன் மறுத்திருக்கின்றார். எவ்வாறாயினும், போர் தொலைவில் மாத்திரம் நிகழ்வதன்று, வென்றோரின் வீட்டு வாசலையும் அது தொடும் என்ற கருத்து அதிலேயே உள்ளது.

இவ்வத்தியாயம் இரு வடிவங்களிலும் இல்லை. முதற்படத்தில் மாயநீர்க் கிண்ணத்திலே தோன்றும் கணநேரக் காட்சியாக மாத்திரம் அதன் நிழல் விழுகின்றது. திரையரங்கு வடிவத்தில் சருமான் உயிரோடிருந்தமையால் அது நிகழ்ந்திருக்கலாம் என்ற சாத்தியமாவது எஞ்சியிருந்தது. விரிவாக்கப் பதிப்பு அவனைக் கோபுரத்திலேயே கொன்று அச்சாத்தியத்தையும் மூடிவிடுகின்றது. ஓரிடைவெளியை நிரப்பிய காட்சியே மற்றொரு பேரிழப்பை உறுதி செய்கின்றது. நீளத்தால் நாவலுக்கு அண்மையில் வந்த வடிவம், பொருளால் அதனின்றும் மேலும் விலகுகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். ‘எந்த வடிவம் சிறந்தது’ என்ற வினா, இரண்டு சரக்குகளுள் எதனை வாங்குவது என்ற வினாவாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. நாம் கேட்கவேண்டியது வேறு. எக்காட்சி யாருடைய துன்பத்தைப் புலப்படுத்துகின்றது? அதனைத் தேவையற்றதென விலக்கியது எந்த அளவுகோல்? மீண்டும் சேர்த்தபோது மனித உறவுகள் பற்றிய நமது விளக்கம் ஆழமடைந்ததா, அன்றி வன்முறையின் சுவை மாத்திரம் கூடியதா? மிகைப்பாடல்களைப் பிரித்துவைத்த நமது பதிப்பாசிரியர்கள் அவற்றை எறிந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்குமாறு வாசகரிடம் விட்டுச் சென்றனர். திரைப்படத்தின் விரிந்த வடிவங்களையும் அவ்வாறே காட்சி காட்சியாக நிறுக்கும் பழக்கம் நம்மிடம் வளரவேண்டும். அவ்வாறு நிறுப்போமாயின், பதினொரு மணித்தியாலங்களுள் பெயரறியாத ஒரு படைவீரனின் முகத்தின்மீது தங்கும் அச்சில கணங்களே எடை மிகுந்தவையாக நமக்குத் தோன்றும்.